எல்லைச் சாவடியில் தபால் மூட்டை

பக்கத்துப் பக்கத்து நாட்டு ராஜாக்கள் இருவர் உடன்படிக்கை போட்டிருந்தார்கள். ஒருவருடைய தபால் மூட்டை மற்றவர் மண்ணைக் கடந்தால் அதைப் பிரிக்கக் கூடாது. ஒருவர் பிரித்தால் மற்றவரும் பிரிக்கலாம்.

எல்லைச் சாவடி அதிகாரி வல்லபன், தன் ராஜாவின் காவலர்களோடு நின்று, அயல்நாட்டுத் தபால்காரன் இருளப்பனை மறித்தான். "உங்க ராஜா என்ன எழுதறாருன்னு பார்க்கணும். மூட்டையை அவிழ். இல்லேன்னா தலை போகும்."

அவிழ்த்தால் இருளப்பனின் சொந்த ராஜா தலையை எடுப்பார். இருளப்பன் மூட்டையின் முடிச்சில் கை வைத்தான்.

"அவிழ்க்கிறேன் எசமான். ஆனா உங்க நாட்டு மூட்டை இந்நேரம் எங்க சாவடியில இருக்கும். இங்க பிரிச்சது தெரிஞ்சா அங்கயும் பிரிச்சுப் படிப்பாங்க. அதுல உங்க கடுதாசி ஏதும் இருக்குங்களா?"

வல்லபனுக்கு முகம் வெளுத்தது. "சரி சரி, போ."

இருளப்பன் நடையைக் கட்டினான். ராஜாவின் காவலர்களோ மூட்டையை மறந்து, அயல்நாட்டுக்கு இவன் என்ன எழுதியிருப்பான் என்று வல்லபன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.