தும்பையின் காலுக்குள் கேட்ட சத்தம்

அந்தக் காலத்தில், கரையானும் குளவியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, விளக்கு வைத்த பிறகு பூவாயிக்கு ஒரு சத்தம் கேட்டது. கறுக், கறுக். எலியோ என்று அடுப்படியைப் பார்த்தாள். கதவைத் தாழ் போட்டோமா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்தாள், போட்டுத்தான் இருந்தது. இடுப்பில் தூங்கிய மகள் தும்பையைப் பாயில் கிடத்தக் குனிந்தபோதுதான் தெரிந்தது, சத்தம் பிள்ளையின் கால் எலும்புக்குள்ளிருந்து வந்தது.

மூத்த பிள்ளை முள் குத்திக் கால் சீழ்பிடித்துச் செத்துப்போனதிலிருந்து பூவாயிக்குத் தரை என்றாலே பயம். மூன்று வயதாகியும் தும்பையை அவள் மண்ணில் இறக்கியதே இல்லை. எங்கு போனாலும் இடது இடுப்புதான்.

"யாரது உள்ளே?" என்றாள், காலருகே குனிந்து.

"நான்தான் தாயி, கரையான். ஆள் இல்லாத வீடுன்னு நினைச்சு வந்தேன்."

"என் பிள்ளை இருக்காளே. கதவையும் தாழ் போட்டுத்தானே வச்சிருக்கேன்?"

"அது உன் வீட்டுக் கதவு. இந்த எலும்பு வீட்டுக்காரி இவதானே? மூணு வருஷமா ஒரு காலடிச் சத்தம் இல்லை. எலும்புக்கு மண் பூசுற குளவிகூட இங்கே உள்ளே மூலையில தூங்குது."

"காலடி கேட்டா எழுந்து பூசுவேன்," என்றது குளவி, கொட்டாவியோடு. "எங்கே அதிருதோ அங்கே."

பூவாயிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தட்டினால் பானை உடையும், இடித்தால் சுவர் விழும். எலும்பு மட்டும் எப்படி அதிர அதிரக் கெட்டிப்படும்? இரண்டும் சேர்ந்து தன்னை ஏமாற்றுகின்றனவோ? இறக்கினால் முள். இறக்காவிட்டால் கரையான்.

"நம்பலைன்னா உன் இடது இடுப்பைத் தொட்டுப் பாரு," என்றது கரையான். "இவளைச் சுமந்து சுமந்து அங்கே ஏறியிருக்கிற பூச்சுல என் பல்லு இறங்காது. பிள்ளைக்கு வர வேண்டியதை நீ வாங்கிக்கிட்டே."

தொட்டுப் பார்த்தாள். அம்மிக்கல் போல இருந்தது. அழுவதா, நம்புவதா என்று தெரியவில்லை.

விடிந்ததும் முற்றத்தை மூன்று தரம் பெருக்கினாள். பிறகு தும்பையை நடுவில் இறக்கிவிட்டு, எட்டப் போய் நின்றாள்.

"தூக்கு," என்றாள் தும்பை. பூவாயியின் கைகள் தாமாக நீண்டன. அவற்றை முந்தானைக்குள் சுற்றி அடக்கிக்கொண்டாள்.

"நீ கெட்ட அம்மா."

"ஆமாண்டி. வந்து அடி."

அடிக்கத்தான் தும்பை எழுந்தாள். விழுந்தாள். மறுபடி எழுந்து, நாலு எட்டு வைத்து வந்து, அம்மாவின் முழங்காலில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

நாலு எட்டு மறுநாள் ஆறானது. ஒரு நாள் முள்ளும் குத்தியது. பூவாயி அதைப் பிடுங்கி மஞ்சள் வைத்தாள். தான் செய்வது சரியா தப்பா என்று விளங்காமலே, தினமும் விளக்கு வைத்ததும் பிள்ளையின் காலில் காதை வைத்துக் கேட்டாள். மாதங்கள் போய், ஒரு நாள் கறுக் சத்தம் ஓய்ந்து, மண் பூசும் மெல்லிய சத்தம் கேட்டது.

"நான் வாசல்ல நிக்கிறேன் தாயி," என்றது கரையான். "நடை நின்னா வருவேன்."

அன்று முதல்தான் நடக்கிற காலில் எலும்பு கெட்டிப்படுகிறது, கிடக்கிற காலில் கரைகிறது. அந்த எலும்பு வீட்டுக் கதவை எந்தத் தாயும் வெளியே நின்று பூட்ட முடியாது. தும்பையின் காலில் அன்று தாழ்ப்பாள் விழுந்தது உள்ளேயிருந்துதான்.