வாசலில் போட்ட பந்தி

மலையடியில் ஒரு காட்டில், பிள்ளைகளே, மிருகங்கள் கூடி ஜெபிக்க ஓர் ஆலயம் இருந்தது. மூங்கில் சுவர், நாணல் கூரை, வாசலில் ஒரு படல் கதவு.

அந்த ஆலயத்துக்காக மிகவும் உழைத்தது ஒரு முள்ளம்பன்றித் தம்பதி. கணவன் பெயர் சத்தியநேசன். மனைவி பெயர் கிருபைமணி. சனிக்கிழமைதோறும் இரண்டும் வந்து தரையைப் பெருக்கும். ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பும். தோண்டும் கிழங்கில் முதல் கூடை ஆலயத்துக்கு. மிச்சம்தான் வீட்டுக்கு.

சபைக்குச் செயலர் ஒரு குரங்கு. பெரியவர்களைக் கண்டால் அதன் வால் தரையில் புரளும். எளியவர்களைக் கண்டால் அதே வால் விறைத்துக்கொண்டு நிற்கும்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. புல்லும் காய்ந்து போயிற்று. அறுப்பின் பண்டிகை நெருங்கியது. பண்டிகையன்று எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விருந்துக்கு அசனம் என்று பெயர்.

"இந்த முறை அசனம் எங்கள் காணிக்கை. பட்டினி கிடப்பவர்கள் ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிடட்டும்" என்றது சத்தியநேசன்.

"பேஷ், பேஷ்!" என்றது குரங்கு.

இருபது நாள் இரண்டும் மண்ணைத் தோண்டின. சத்தியநேசனுக்கு நகம் பெயர்ந்துவிட்டது. அப்படியும் அண்டா நிறையவில்லை. கிருபைமணி தன் வளையில் சேர்த்து வைத்திருந்த கிழங்கையும் அள்ளிவந்து போட்டது.

பண்டிகை நாள் வந்தது. முன்வரிசையில் யானை, கரடி, மயில் ஆகியோருக்கு இலை விரித்தது குரங்கு. பீடத்தை அலங்கரிக்க ஒரே ஒரு இறகு கொடுத்திருந்த மயிலுக்கு முதல் இலை. பிறகு குரங்கு போய்ப் படலைச் சாத்தியது.

வெளியே நொண்டி மான் நின்றது. கண் தெரியாத முயல் நின்றது. நான்கு குட்டிகளோடு ஒரு காட்டுப்பன்றியும் நின்றது.

"ஐயா, அவர்கள் வெளியே நிற்கிறார்களே!" என்றது கிருபைமணி.

"சொறியும் சிரங்குமாக வந்திருக்கிறார்கள். மயிலார் தோகை அழுக்காகிவிடாதா? மீந்தால் பின்பக்கம் கொடுப்போம்."

"மீந்தாலா?" கிருபைமணியின் முட்கள் சிலிர்த்து எழுந்தன. "தோகையில் தூசி படுமே என்று பதறுகிறீர். அந்தக் குட்டி பசியில் மண்ணைத் தின்கிறதே, அது உம் கண்ணில் படவில்லையா?"

"கொடுத்தபின் அது சபையின் சொத்து. யாருக்குப் பரிமாறுவது என்பது என் பொறுப்பு. மீறினால் உங்கள் இரண்டு பேரையும் சபையிலிருந்து நீக்கிவிடுவேன்!"

அதுவரை யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத சத்தியநேசன் அண்டாவின் பக்கத்தில் போய் நின்றது.

"நீக்கும்! ஆண்டவர் பெயரால் கொடுத்ததை அவர் பிள்ளைகளுக்கு இல்லை என்று சொல்ல நீர் யார்? கிருபை, கம்பை எடு!"

அண்டாவின் காதுகளில் மூங்கில் கம்பைக் கோத்து இரண்டும் தூக்கின. குரங்கு படலை மறித்துக்கொண்டு நின்றது. முட்கள் நெருங்கி வரவே துள்ளி விலகியது.

வாசலில் மரத்தடியிலேயே பந்தி தொடங்கிற்று. முதலில் குட்டிகள், பிறகு முயல், அதற்குப் பிறகு மான்.

உள்ளே வெறும் இலையைப் பார்த்தபடி இருந்த யானைக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "பசித்தவர்களை வெளியே நிறுத்திவிட்டா எனக்கு இலை போட்டாய்? வெட்கமாக இல்லை?" என்று குரங்கை அதட்டிவிட்டு எழுந்து வந்து, வரிசையில் கடைசியாக, மானுக்கு அடுத்து உட்கார்ந்தது. கரடியும் வந்தது. மயில் மட்டும் தோகையை ஒடுக்கிக்கொண்டு உள்ளேயே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை துடைப்பத்தோடு வந்த தம்பதியைக் குரங்கு தடுத்தது.

"உங்கள் பெயரைத்தான் அடித்துவிட்டேனே! இன்னும் எதற்கு வந்தீர்கள்?"

"பெருக்குவதற்குப் பெயர் எதற்கு?" என்றது கிருபைமணி.

ஆனால் அன்று இரண்டும் உடனே பெருக்கத் தொடங்கவில்லை. முதலில் அந்தப் படலைப் பிடுங்கி ஓடையில் எறிந்தன. பிறகுதான் துடைப்பத்தைத் தொட்டன.

நீதி: பசித்தவரை வாசலில் நிறுத்தி வைக்கும் ஆலயத்தில், காணிக்கை கடவுளைச் சேராது.