முதலில் இறங்கியவர்

இருக்கைக்கு எண் போடாத விமானம் அது. கதவு திறந்ததும் யார் முந்துகிறாரோ அவருக்குப் பிடித்த இடம் அவருக்கு.

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சிறிய விமானத்தளம். அந்தப் பக்கம் இன்னொன்று. நடுவே ஒரு மணி நேரப் பறப்பு. சாலையில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு விடிந்துதான் சேர முடியும்.

மாலை விமானத்துக்காகத் தகரக் கொட்டகையில் பயணிகள் காத்திருந்தார்கள். பின்னால் வரிசையாக நின்றார்கள். கதவுக்கு அருகே அது வரிசையாக இல்லை.

இருளப்பன் கதவின் மேல் கை வைத்தபடி நின்றார். அறுபதைத் தாண்டியவர். பக்கத்தில், துணைக்கு வந்த பரிபூரணம் அம்மையார் துணிப்பையுடன் நின்றார். இருளப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு. அவருக்கு மடம் கிடையாது, காவி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூற்பாலைத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் மாடியில் சிலர் அவரோடு உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு குறைவு. வாழ்நாளெல்லாம் மேடையில் பேசிக் களைத்த பிறகு இருளப்பன் அங்கே போய்ச் சேர்ந்தார்.

“அம்மா, இதுல நல்ல இடம் பிடிக்க என்ன வழி?”

“எது நல்ல இடம் அண்ணே?”

“முதல் வரிசை. கதவு அங்கதான் இருக்கு. முதல் ஆளா இறங்கிடலாம்.”

“இறங்கி?”

“வாசல்ல ஆட்டோ நிக்குமாம். கால் மணி நேரத்துல ஆஸ்பத்திரி. தம்பிக்கு நினைவு இருக்கும்போதே முகத்தைக் காட்டிடணும்.”

பரிபூரணம் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

தம்பி காத்தையாவும் இருளப்பனும் ஒரே கொடியைப் பிடித்து வளர்ந்தவர்கள். இயக்கம் இரண்டாகப் பிளந்தபோது தம்பி எதிர்ப்பக்கம் போனார். தலைவர்கள் பிறகு சேர்ந்துகொண்டார்கள், ஒரே மேடையில் மாலை போட்டுக்கொண்டார்கள். அண்ணனும் தம்பியும் சேரவில்லை. தலைவர்களுக்கு அது தொழில். இவர்களுக்கு அது கொள்கை.

மத்தியானம் தம்பி மகன் தொலைபேசியில் அழுதான். “பெரியப்பா, டாக்டர் இன்னைக்கு ராத்திரி தாங்காதுங்கிறார். அப்பா உங்களைத்தான் கேக்குறார்.”

கதவு திறந்தது. எல்லோரும் ஓடினார்கள். இருளப்பன் படியில் ஏறும்போதே தோளில் கிடந்த துண்டை உருவி, ஊர்ப் பேருந்தின் சன்னலில் போடுவதுபோல உள்ளே வீசினார். முதல் வரிசையின் இரண்டு இருக்கைகள் மேலும் அது விரிந்து விழுந்தது.

அதே இருக்கையைக் குறிவைத்து வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் நின்றுவிட்டார். சலவை வேட்டி, சட்டைப் பையில் கனமான பேனா.

“என்னங்க இது? டவுன் பஸ்ஸா, துண்டு போட?”

“துண்டு விழுந்தா இடம் நம்மது. வண்டி பறந்தா என்ன, உருண்டா என்ன?”

சிலர் சிரித்தார்கள். ஒப்பந்தக்காரர் சிரிக்காமல் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்.

“அம்மா, வாங்க. சன்னல் ஓரம் உங்களுக்கு,” என்றார் இருளப்பன். அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது.

அந்த வெற்றிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அவர் இளைஞராக இருந்தபோது அவரது ஊர்ப் பேருந்தில் சேரி மக்கள் முன் இருக்கையில் உட்காரக் கூடாது. இடம் காலியாகக் கிடந்தாலும் பின்னால் போய் நிற்க வேண்டும். ஒருநாள் இருளப்பன் முன்னால் உட்கார்ந்தார். இழுத்துக் கீழே போட்டு மிதித்தார்கள். தாடை உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி போய் அதே இருக்கையில் உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் அந்த வழக்கம் ஒழிந்தது. ஒழித்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பேசும்போது லேசாகக் கோணுகிற தாடை மட்டும் மிச்சம்.

விமானி உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். முன்பாதி நிறைந்திருந்தது. பின்பாதி காலியாகக் கிடந்தது.

“எல்லாரும் முன்னாலயே உட்கார்ந்துட்டா எப்படி? மூக்குப் பக்கம் பாரம் கூடிடுச்சு. இப்படியே எடுக்க முடியாது. மூணு பேர் கடைசி வரிசைக்குப் போங்க.”

யாரும் அசையவில்லை. ஒருவர் செய்தித்தாளைப் பிரித்தார்.

“சீக்கிரங்க. அங்க ஓடுபாதையில விளக்கு கிடையாது. பொழுது இருக்கும்போதே போய் இறங்கணும். நேரமாச்சுன்னா இன்னைக்கு வண்டி இல்லை.”

“பின்னால ரொம்ப ஆட்டும் சார். இவளுக்கு வாந்தி வரும்,” என்றான் புது மாப்பிள்ளை ஒருவன். மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

“எனக்கு முழங்கால் மடங்காது,” என்றார் ஒப்பந்தக்காரர். சற்று முன் ஓடிவந்தது அதே முழங்கால்.

“முதல்ல வந்தவன் முதல்ல உட்கார்ந்தான். எழுப்ப உங்களுக்கு என்ன அதிகாரம்?” என்றார் செய்தித்தாள்காரர்.

பரிபூரணம் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டுத் தானும் எழுந்து போனாள்.

“போனவங்க பெல்ட்டைப் போட்டுக்குங்க. இனிமே எழுந்திருக்காதீங்க. இன்னும் ஒரு ஆள்தான்,” என்றார் விமானி. அவர் கண் முதல் வரிசையில் தனியாக இருந்தவரிடம் வந்து நின்றது. “ஐயா, நீங்க பின்னால போங்களேன்.”

விமானி மரியாதையாகத்தான் சொன்னார். இருளப்பன் காதில் அது வேறு ஒரு குரலில் விழுந்தது.

“தம்பி, என் கூடப் பிறந்தவன் சாகக் கிடக்கிறான். நான்தான் முதல்ல இறங்கணும். வேற யாரையாவது கேளுங்க.”

ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். பாவம் என்று எல்லோருக்கும் தோன்றியது. எழுந்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒப்பந்தக்காரர் தொண்டையைச் செருமினார்.

“கஷ்டம்தான். யார் இல்லைங்கிறா? ஆனா பின்னால உட்கார்ந்தா மட்டும் வண்டி உங்க தம்பி ஊருக்குப் போகாதா? பின்னால உட்கார்றது உங்களுக்கெல்லாம் புதுசா என்ன?”

அந்த ஆள் தெரிந்து சொன்னாரோ, தெரியாமல் சொன்னாரோ. சொல்லிவிட்டார்.

இருளப்பன் திரும்பினார். எழுந்தால் இடம் போய்விடும் என்பதால் உட்கார்ந்தபடியே உடம்பை மட்டும் பின்பக்கம் முறுக்கி, இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் நின்று பேசியவர். அன்று உட்கார்ந்துகொண்டு பேசினார்.

“எங்களுக்கெல்லாம்னா யாருக்குய்யா? வாயைத் திறந்து சொல்லும். இந்தத் தாடையைப் பாரும். ஒரு முன்சீட்டுக்கு நான் குடுத்தது இது. நீர் குடுத்தது என்ன?”

“இப்ப எதுக்குப் பழைய கதை? நான் சாதாரணமாத்தான் சொன்னேன்.”

“உமக்குப் பழைய கதை. எனக்கு இன்னும் சாப்பாட்டை மென்னா வலிக்குது.”

பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

மேடை ஏறிப் பழகியவர்களுக்கு அது தெரிந்த சங்கதி. பின்வரிசையில் குரல் எழுந்தால் எதிர்த்தரப்பு ஆள் வந்துவிட்டான் என்று பொருள். அதற்கு மருந்து ஒன்றுதான். இருளப்பன் சத்தத்தைக் கூட்டினார்.

“ஊரே நிக்கும்போது உட்கார்ந்திருந்த கூட்டம் நீங்க! இன்னைக்கு ஒரு தரம் பின்னால போகச் சொன்னா முழங்கால் வலிக்குதா? வாந்தி வருதா?”

மறுபடியும் அந்தக் குரல். அவர் இன்னும் கூட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. நியாயம், சமத்துவம், செத்தவர்கள், சிறைக்குப் போனவர்கள், எல்லாம் வந்தன. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் பேசிய பேச்சுகளிலேயே அது நல்ல பேச்சு. செய்தித்தாள்காரர் தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். புது மாப்பிள்ளை ஒருமுறை கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டான். ஒப்பந்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் முறையும் பின்னாலிருந்து குரல் வந்தது. இருளப்பன் அதையும் அடக்கினார்.

விமானி குனிந்து சன்னல் வழியே மலையைப் பார்த்தார். சூரியன் முகட்டைத் தொட்டிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார்.

“போதுங்க. இனிமே எடுத்தா அங்க இருட்டிடும். காலையில பார்க்கலாம். எல்லாரும் இறங்குங்க.”

பேச்சு பாதியில் நின்றது.

“இல்லை, இல்லை. நான் போறேன். இதோ எழுந்துட்டேன் பாருங்க,” இருளப்பன் துள்ளி எழுந்தார்.

“நான் வேணும்னாலும் போறேன்,” என்றார் ஒப்பந்தக்காரரும்.

“பொழுது போயிடுச்சு ஐயா.”

கதவைத் திறந்தார்கள். பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு நெருக்கினார்கள். இருளப்பன்தான் கதவுக்கு முன்னால் இருந்தார். அவரே முதலில் இறங்கினார்.

ஏறிய அதே தரை. புல்வெளியில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது.

“பெரியப்பா, ஏறிட்டீங்களா? அப்பா வாசலையே பார்த்துக்கிட்டிருக்கார்.”

“ப்ளேன் போகலப்பா.”

“ஏன் பெரியப்பா? என்னாச்சு?”

இருளப்பன் வாயைத் திறந்தார். தாடை கோணியது.

“கார் பிடிச்சு வந்துடறேன்னு சொல்லு. விடியறதுக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் இருக்கச் சொல்லுப்பா.”

அந்தப் பக்கம் வேறு யாரோ பையனைக் கூப்பிடுவது கேட்டது. தொடர்பு அறுந்தது.

கடைசி வரிசையில் இருந்தவர் என்பதால் பரிபூரணம் கடைசியாக இறங்கி வந்தார். இருளப்பன் அவருக்கு எதிரே போய் நின்றார். கண் சிவந்திருந்தது.

“அம்மா, உங்க சொல்லை நான் என்னைக்காவது தட்டியிருக்கேனா?”

“இல்லை அண்ணே.”

“‘இங்க வாங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுந்து வந்திருப்பேனே. எல்லாரையும்போல நீங்களும் ஏன் சும்மா உட்கார்ந்திருந்தீங்க?”

பரிபூரணம் துணிப்பையைக் கீழே வைத்தார்.

“மூணு தரம் கூப்பிட்டேன் அண்ணே. ஒவ்வொரு தரமும் நீங்க சத்தத்தைக் கூட்டுனீங்க.”