சடையன் கட்டிய கோணல் வீடு

மழைக்குக் குறைவில்லாத மருதாவூரை முன்னொரு காலத்தில் குலோத்தமன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நினைத்தால் நினைத்ததுதான் அவனுக்கு. ஒருநாள் காலையில் எழுந்ததும், "என் நகரத்தில் குறையுள்ள வீடு ஒன்றுகூட நிற்கக் கூடாது. சோதித்துப் பார்த்து இடித்துத் தள்ளுங்கள்!" என்று உத்தரவு போட்டுவிட்டான்.

கட்டடக் கண்காணி தண்டபாணியார் சுவர் கோணலா என்று பார்க்கும் தூக்குக்குண்டும் மட்டப்பலகையுமாகக் கிளம்பி, நேரே கொத்தனார் சடையன் வீட்டுக்குத்தான் போனார். மந்திரி ஆனந்தக்கூத்தர் தம் வீட்டைக் கட்டச் சடையனை அழைத்ததிலிருந்து கண்காணிக்கு வயிற்றெரிச்சல்.

மறுநாள் சபையில் கண்காணி அடுக்கினார். "மகாராஜா, அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் வாசற்படி இல்லை. சுவர் மூலையெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. பூச்சு வேலையோ படுமோசம். சுவரில் இடுப்புயரத்தில் வரப்புபோல ஒரு மேடு வீடு முழுக்க ஓடுகிறது!"

"ஏனப்பா இப்படி?" என்றான் ராஜா.

சடையன் கைகட்டி நின்றான். "என் பெண்டாட்டி செம்பாயிக்குக் கண்ணு தெரியாதுங்க சாமி. அவளுக்காகத்தான் இப்படிக் கட்டினேன். இடிச்சிட்டா அவ எங்க போவா?"

"பரிதாபப்பட்டு மட்டப்பலகை வளைந்து கொடுக்குமா, மகாராஜா?" என்றார் கண்காணி.

மந்திரி எழுந்தார். "கண்காணி சொல்வது சரி, அரசே. ஆனால் அவர் கண்ணால் சோதித்திருக்கிறார். கண்ணில்லாமலும் ஒருமுறை சோதித்துவிடலாமே? குறையே இல்லாத தம் வீட்டில் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கட்டும். சடையன் வீட்டை இளவரசி நீலவேணி சோதிக்கட்டும்."

நீலவேணி ராஜாவின் தங்கை. சிறுவயதில் அம்மை கண்டு பார்வை போனவள். பணிப்பெண்கள் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ராஜா மெல்லத் தலையசைத்தான்.

"என் வீடு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே கண்காணி கண்ணைக் கட்டிக்கொண்டார். முதல் வாசற்படியிலேயே கால் தடுக்கியது. பிடிக்கப் போன சுவரின் கூர்மூலை நெற்றியைப் பதம் பார்த்தது. "அடியே, விளக்கைக் கொண்டா!" என்று அவர் அலற, தெருவே சிரித்தது.

பிறகு சடையன் வீடு. செம்பாயி இளவரசியின் கையைப் பிடித்துச் சுவர் வரப்பின்மேல் வைத்தாள். "இதைப் பிடிச்சுக்கிட்டே போங்க தாயி. இது முடியற எடத்துல தண்ணிப்பானை இருக்கும்."

நீலவேணி நடந்தாள். பதறி ஓடிய பணிப்பெண்களை மந்திரி கையமர்த்தினார். அவள் உள்ளறைக்குள் மறைந்ததும், வாசலில் நின்ற ராஜா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.

சற்று நேரத்தில் ஒரு கையால் சுவரைத் தடவியபடி, மறு கையில் தளும்பும் குவளையோடு அவள் தனியாகத் திரும்பி வந்தாள்.

"அண்ணா, எங்கே நிற்கிறாய்? உனக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்."

ராஜா வாங்கிக் குடித்தான். கண்ணீர் தாடியில் வழிந்தது. "இடிக்க வேண்டியது என் அரண்மனை வாசற்படிகளைத்தான்" என்றான்.

அரண்மனையைத் திருத்திக் கட்டும் பொறுப்பும் கை நிறையப் பொன்னும் சடையனுக்குக் கிடைத்தன. அவனுக்குச் சுண்ணாம்பு குழைத்துக் கொடுக்கும் வேலை கண்காணிக்கு. மந்திரிக்குத் தன் முத்துமாலையையே கழற்றிப் போட்டான் ராஜா.

அரண்மனை வேலை முடிந்த பிறகு, "இளவரசி எங்கே? இளவரசி எங்கே?" என்று பணிப்பெண்கள் நாளெல்லாம் அரண்மனை முழுக்கத் தேடி அலைந்தார்கள். அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் ராஜா சபையை நிறுத்திவிட்டுச் சிரிப்பான்.