பக்கத்துக் குச்சிக்குத் தெரியாது

ஒரு விமான நிலையத்தில், மழை விடட்டும் என்று இரண்டு விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. ஒன்று ஒரு கம்பெனி செய்தது. மற்றது, அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் போட்டிக் கம்பெனி செய்தது.

முதல் விமானத்தை ஓட்டுவது கொம்பு. மாட்டுக் கொம்பு மாதிரி வளைந்து, இரண்டு விமானிகளுக்கும் முன்னால் ஒவ்வொன்று நிற்கும். இரண்டும் உள்ளுக்குள் இணைந்தவை; ஒன்றை அசைத்தால் மற்றதும் கூடவே அசையும். போட்டிக் கம்பெனி விமானத்தில் கொம்பு கிடையாது, குச்சி. ஒரு சாண் கூட இருக்காது. இடது விமானிக்கு இடப்பக்கம் ஒன்று, வலது விமானிக்கு வலப்பக்கம் ஒன்று. ஒன்று அசைவது மற்றதற்குத் தெரியவே தெரியாது. இரண்டும் சொல்வதைக் கேட்டு, நடுவில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் விமானத்தைத் திருப்பும்.

கொம்பும் குச்சியும் வாயைத் திறந்தால் சண்டைதான். மனுஷன் பதற்றத்தில் என்ன இழுப்பு இழுத்தாலும் எங்கள் கம்ப்யூட்டர் எல்லை தாண்ட விடாது என்று குச்சி பீற்றிக்கொள்ளும். கடைசி முடிவு மனுஷன் கையில்தான் இருக்க வேண்டும், ஒரு பெட்டி யார் அவனைத் தடுக்க என்று கொம்பு முறுக்கிக்கொள்ளும். கேட்பவர்களுக்குக் காது புளித்துவிடும்.

அன்றைக்குக் கொம்பு சண்டைக்கு வரவில்லை. அதற்கு வேறு கவலை. பன்னிரண்டு வருஷம் அதைப் பிடித்து ஓட்டிய கேப்டன் மெர்லின், பயிற்சியெல்லாம் முடித்து, இன்று முதல் குச்சி விமானத்துக்குப் போகிறாள்.

“அவளைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கோ,” என்றது கொம்பு. “பக்கத்துல இருக்கறவர் தப்பா ஓட்டினா வாயால சொல்லமாட்டா. ரெண்டு விரலால என்னை லேசா அழுத்துவா. எதிர்க் கொம்பும் நகரும். அவர் புரிஞ்சுக்கிட்டு கையை எடுத்துடுவார். யாருக்கும் மனசு நோகாது.”

அதெல்லாம் பழைய காலத்து வேலை, எங்கள் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று குச்சி சிரித்தது. கொம்புக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

மழை விட்டதும் குச்சி விமானம் மதுரைக்குக் கிளம்பியது. அதில் மெர்லினுக்குத் துணை விமானியாக வந்தவர் சுந்தரவரதன். ராணுவத்தில் சரக்கு விமானம் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலைக்கு வந்தவர். மெர்லினை விடப் பதினான்கு வயது பெரியவர். பதவியில் இவள் மேலே, வயதில் அவர் மேலே. அவர் இவளை மேடம் என்பார், இவள் அவரை சார் என்பாள். மதுரையில் நீங்களே இறக்குங்கள் சார் என்று மரியாதையாகக் கொடுத்துவிட்டாள்.

மதுரையில் காற்று சரியில்லை. ஓடுபாதைக்குக் குறுக்கே அடித்தது. உள்ளே நூற்று எழுபது பேர். தரை நெருங்கும்போது சுந்தரவரதன் விமானத்தின் மூக்கைச் சற்று முன்னதாகவே தூக்கிவிட்டார். விமானம் இறங்காமல் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போனது. ஓடுபாதையோ தீர்ந்துகொண்டே வந்தது.

மெர்லின் பார்த்துவிட்டாள். பெரிய மனுஷரிடம் கையை எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? பழக்கத்தில், மூக்கு இறங்கட்டும் என்று தன் குச்சியை இரண்டு விரலால் லேசாக முன்னுக்குத் தள்ளினாள்.

அந்தப் பக்கக் குச்சி அசையவில்லை. எப்படி அசையும்? சுந்தரவரதனுக்கு ஒன்றும் தெரியாது. நான் இழுக்கிறேன், விமானம் கேட்கமாட்டேன் என்கிறதே என்று பயந்து இன்னும் இழுத்தார். இவள் இன்னும் தள்ளினாள். கம்ப்யூட்டர் இரண்டையும் கூட்டிப் பார்த்தது. ஒன்றுமில்லை என்று வந்தது. அதனால் அது ஒன்றுமே செய்யவில்லை.

மெர்லின் பிடித்திருந்த இடது குச்சிக்கு அப்போதுதான் குலை நடுங்கியது. “ஏன் சும்மா இருக்கே? இந்தம்மா தள்ளறாங்களே!”

“இன்னொருத்தர் இழுக்கறார்,” என்றது கம்ப்யூட்டர். “நீங்க ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னா நான் செய்வேன்.”

“எனக்கு அவன் என்ன சொல்றான்னே தெரியாதே!”

கம்ப்யூட்டருக்கும் அதற்கு மேல் வழியில்லை. ‘இரண்டு கை, இரண்டு கை’ என்று எச்சரிக்கைக் குரலில் கத்த ஆரம்பித்தது. காற்று ஒரு பக்க இறக்கையைத் தூக்கியது. மறுபக்க இறக்கை தரையை நோக்கிச் சாய்ந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

இதற்கென்று சட்டப் புத்தகத்தில் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் இருக்கிறது. பயிற்சியில் மெர்லின் அதை நூறு தடவை ஒப்பித்திருக்கிறாள். அது வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

“கையை விடுங்க சார். நான் ஓட்டறேன்.”

குச்சியின் தலையில் இருக்கும் சிவப்புப் பொத்தானையும் அழுத்தினாள். அழுத்தினால் அந்தக் குச்சி சொல்வது மட்டும்தான் எடுபடும்.

“எடுத்துக்கோங்க மேடம்,” என்று சுந்தரவரதன் கையை எடுத்தார்.

விமானம் நிமிர்ந்தது. மறுபடியும் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாம் தடவை நல்லபடியாக இறங்கியது. சுந்தரவரதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, முதலிலேயே சொல்லியிருக்கலாமே மேடம், நான் என்ன தப்பாகவா எடுத்துக்கொள்ளப்போகிறேன் என்று கேட்டார். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

சாயங்காலம் குச்சி விமானம் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றது. கொம்பு காலையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தது. அவள் படியிறங்கி நடந்து போவதைப் பார்த்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. குச்சி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது. நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம், நான் பிறவி ஊமை, பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வழியில்லை என்று ஒத்துக்கொண்டது.

இத்தனை வருஷச் சண்டையில் முதல் தடவையாக ஜெயித்த கொம்பு இப்போது எகிறிக் குதிக்கும் என்று குச்சி எதிர்பார்த்தது. கொம்பு குதிக்கவில்லை.

“தப்பு உன்மேல மட்டும் இல்லை,” என்றது. “பன்னிரண்டு வருஷம் அவளுக்குப் பதிலா நானே பேசிட்டேன்.”