ஜெசிந்தா மேடம் குடுக்கிற டீ

செங்குன்றம் தாண்டி பைபாஸ் ஓரமா ஒரு பெரிய குடோன். ஊர்ல யாரு போன்ல எதை ஆர்டர் பண்ணாலும், குக்கர்ல இருந்து கொசுவலை வரைக்கும், அங்க இருந்துதான் பொட்டியில கெளம்பும். அந்தக் குடோன்ல எது ஓசியில குடுத்தாலும் வாங்கிக்குவாங்க. ஒண்ணே ஒண்ணைத் தவிர.

எச்ஆர் ஜெசிந்தா மேடம் குடுக்கிற டீ.

மேடம் கேபினுக்குக் கூப்பிட்டு, பிளாஸ்க்ல இருந்து தன் கையால டீ ஊத்திக் குடுத்தாங்கன்னா வேலை போச்சுன்னு அர்த்தம். மெயில் அனுப்ப மாட்டாங்க. போன்ல சொல்ல மாட்டாங்க. தன் போனை டிராயர்ல போட்டுட்டு, மேசைக்கு அந்தப் பக்கத்துல இருந்து எழுந்து வந்து, ஆளு பக்கத்துலயே சேர் போட்டு உக்காருவாங்க. டீயை ஊத்திட்டு விஷயத்தைச் சொல்லுவாங்க. திட்டுனா கேட்டுக்குவாங்க. அழுதா, அழுது முடியிற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. அப்புறம் கூடவே கேட் வரைக்கும் நடந்து போயி, ஷேர் ஆட்டோ வர்ற வரைக்கும் வெயில்ல நிப்பாங்க.

ஒரு தடவை தன் பொறந்த நாளுக்கு எல்லாருக்கும் டீ சொன்னாங்க. பாதி குடோன் பாத்ரூமுக்கு ஓடிடுச்சு. மீதிப் பாதி கேக்கை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடிடுச்சு.

ஒரு நாளைக்கு மூணு பேர். அதுக்கு மேல மேடத்தால முடியாது. மூணாவது ஆளை ஆட்டோ ஏத்திட்டு வந்து மேசை மேல தலையைக் கவுத்துக்குவாங்க. வயசு முப்பத்தாறுதான். அந்த நேரத்துல பாத்தா ரிட்டயர்மென்ட்டுக்குப் பக்கத்துல இருக்கிற மாதிரி தெரியும்.

அவங்ககிட்ட தொழில் கத்துக்கிட்டவரு தெய்வசிகாமணி. சிஷ்யன்னதும் மீசை முளைக்காத பையனை நெனைச்சுக்காதீங்க. நாப்பத்தஞ்சு வயசு, முன்பக்கம் நல்ல வழுக்கை. டிஸ்பேட்ச்ல சூப்பர்வைசரா இருந்து எச்ஆருக்கு வந்தவரு. ஞாயித்துக்கிழமையானா எம்பிஏ கிளாஸ். குருவுக்கு சிஷ்யனைவிட வயசு கம்மிங்கறதால குரு சிஷ்யனை ‘அண்ணே’ம்பாங்க. சிஷ்யன் குருவை ‘மேடம்’பாரு.

ஐடி கார்டுல அவரு பேரு முழுசா அடங்கல. ‘தெய்வசிகா’ன்னு நின்னுடுச்சு. அதுக்கு மேல வழுக்கைத் தலையோட போட்டோ.

அவரு கேன்டீன்ல அடிக்கடி சொல்லுற கதை ஒண்ணு உண்டு.

“நான் டிஸ்பேட்ச்ல சேந்த புதுசு. மேடம் கூப்பிட்டாங்கன்னு போய் நின்னேன். என் மூஞ்சியவே ரொம்ப நேரம் பாத்தாங்க. ‘டீ குடிக்கலாம்னு கூப்பிட்டேன்ணே. தீர்ந்து போச்சு, போங்க’ன்னுட்டாங்க. அந்த டீக்கு என்ன அர்த்தம்னு அப்ப எனக்கு எங்க தெரியும்? அந்த வாரமே புது கம்பெனி சரக்கு வந்து குவிஞ்சிடுச்சு. ஆளு பத்தாம ராப்பகலா நாயா அலைஞ்சோம். ஆக, இந்தக் குடோன்லயே மேடம் சும்மா பாசத்துக்கு டீ குடிக்கக் கூப்பிட்ட ஒரே ஆளு நான்தான். அதுவும் கிடைக்கல, அது வேற விஷயம்.”

எல்லாரும் சிரிப்பாங்க. அவரும் சிரிப்பாரு.

இப்படி இருக்கும்போது ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு டேப்லெட்டு வந்து இறங்குச்சு. உள்ள ஒரு சாஃப்ட்வேர், பேரு ‘தோழி’. யாரு எவ்வளவு வேகமா ஸ்கேன் பண்றாங்க, யாரு எங்க எவ்வளவு நேரம் நிக்கிறாங்க, எல்லாம் அதுக்குத் தெரியும். மெதுவா வேலை செய்யிறவங்களை அதுவே பொறுக்கி எடுக்கும். அதுவே போன் போடும். தேன் மாதிரி ஒரு பொம்பளைக் குரல்ல, ‘உங்கள் பங்களிப்புக்கு நன்றி’ன்னு சொல்லும். சொல்லி முடிக்கிறதுக்குள்ள கேட்ல அவங்க கார்டு வேலை செய்யாது. ஆளை வீட்டுக்கு அனுப்புற மிஷினுக்குத் தோழின்னு பேரு வெச்சவனுக்கு, வாழ்க்கையில ஒரு தோழிகூட கிடைச்சிருக்க மாட்டா.

இந்தத் தடவை அது பொறுக்கி எடுத்தது ஒரு பஸ்ஸு நிறைய ஆளுங்களை. எச்ஆர் ஒப்புதல் குடுத்தா போதும், மிச்சத்தை அது பாத்துக்கும். ஜெசிந்தா மேடம் குடுக்கல. ஒரு நாள் காலையில ஹெட் ஆபீஸ்ல இருந்து தெய்வசிகாமணிக்குப் போன் போட்டாங்க. ‘சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நீங்க ஓகே குடுங்க. நாளையில இருந்து அந்த சீட்டு உங்களுக்கு.’

மனுஷன் மறைக்கல. நேரா வந்து நின்னாரு.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஹெட் ஆபீஸ்ல இருந்து என்னைக் கூப்பிட்டாங்க.”

“தெரியும்ணே.”

“உங்க சீட்டை எனக்கு...”

“அந்த சேர் ஒரு பக்கமா ஆடும். அதோட காலுக்கு அடியில அட்டை வெச்சிருக்கேன், எடுத்துடாதீங்க.”

“விளையாடாதீங்க. நெஜமா கேக்குறேன். நீங்க ஏன் ஓகே குடுக்கல?”

மேடம் பிளாஸ்க்கை இழுத்து முன்னால வெச்சுக்கிட்டாங்க.

“எங்க கிளாஸ்ல எத்திக்ஸ்னு ஒரு பாடம் இருக்கு மேடம். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தணும்னு புரொபசர் சொல்றாரு. தோழி அப்படித்தான நடத்துது? அதே குரல், அதே வார்த்தை. சாதி பாக்காது, ஊர் பாக்காது, மூஞ்சி பாக்காது.”

“ஆமா. மூஞ்சி பாக்காது.”

“நீங்க பாக்குறீங்க. பாத்துட்டு என்ன ஆச்சு? தூக்கம் போச்சு, பிபி மாத்திரை வந்துச்சு. இதுக்கு டயர்டே ஆகாது மேடம். எவ்வளவு பேரு இருந்தாலும் ஒரு நிமிஷம்.”

மேடம் காலி பிளாஸ்க்கோட மூடியைத் திருகினாங்க. திறந்தாங்க. மறுபடி திருகினாங்க.

“ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல?”

“இருக்கு.”

“இன்னைக்கு நீங்க டீ குடுங்கண்ணே. குடுத்துட்டு வந்து கேளுங்க, பதில் சொல்றேன்.”

கேன்டீன்ல இருந்து பெரிய பிளாஸ்க்கு வந்துச்சு. அதுல இருக்கிற டீயை வெச்சு ஒரு சின்னக் கல்யாணமே நடத்தலாம். மேடம் மூலையில வேற ஒரு சேரைப் போட்டு சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டாங்க. தெய்வசிகாமணி தன் போனை டிராயர்ல போட்டாரு. டேப்லெட்டு அதுக்குள்ள நுழையல, மேசை மேலயே கிடந்துச்சு.

மொதல்ல லூர்துமேரி. பேக்கிங்ல இருக்கிறவங்க. டீயைப் பாத்ததுமே புரிஞ்சுக்கிட்டாங்க. முழுசா குடிச்சாங்க.

“சரி சார். ஒரு பொட்டியைப் பாதி ஒட்டிட்டு வந்துட்டேன். முடிச்சுட்டுப் போயிடட்டா?”

“வேணாம்மா. வேற யாராவது ஒட்டிக்குவாங்க.”

“வேற யாராவது ஒட்டுனா ஓரம் பிரிஞ்சுக்கும் சார்.”

அவங்க ஒட்டி முடிக்கிற வரைக்கும் தெய்வசிகாமணி பக்கத்துல நின்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் கேட் வரைக்கும் நடந்தாங்க. இவரு பேசலாம்னு ரெண்டு தடவை வாயைத் திறந்தாரு, கொட்டாவி விட்ட மாதிரி ஆயிடுச்சு.

திரும்பி வந்தா டேப்லெட்டு கூப்பிடுது.

“தெய்வசிகா மேடம், ஆரம்பிக்கலாமா?”

“மேடமா?” அவரு டேப்லெட்டை மொறைச்சாரு. “எல்லாம் தெரிஞ்ச தோழி, என் தலையைப் பாத்தியா நீ?”

மூலையில மேடம் கண்ணைத் திறக்காமயே லேசா சிரிச்சாங்க.

ரெண்டாவது அசாருதீன். டிராலி தள்ளுறவன். டிஸ்பேட்ச்ல இவருகூட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவன். டம்ளரைத் தொடவே இல்ல.

“இதுக்குத்தான் எம்பிஏ படிக்கிறியாண்ணே?”

“அசாரு...”

“என் டிபன்ல இருந்து கறியைப் பொறுக்கித் தின்ன கை இது. அதே கையில எனக்கு டீ ஊத்துற. கூசல?”

“சொல்லுடா. என்ன சொல்லணுமோ சொல்லிடு.”

அவன் சொன்னான். அதையெல்லாம் எழுதுனா பொஸ்தகத்துல போட மாட்டாங்க. தெய்வசிகாமணி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. கேட்ல ஆட்டோ வந்து நின்னப்ப, ஏறப் போனவன் திரும்பினான்.

“உன் மேல கோவம் இல்லண்ணே. ஆனா உன் மேல படாம வேற எது மேல படுறது? அந்த டேப்லெட்டுப் பலகை மேலயா?”

ஆட்டோ போயிடுச்சு. இவரு கொஞ்ச நேரம் அங்கயே நின்னாரு. செக்யூரிட்டி, “சார், நீங்களும் போறீங்களா?”ன்னு கேட்டாரு.

உள்ள வந்ததும் மூணாவது ஆளு மோகனகுமாரையும், அதுக்கு அடுத்து சுகந்தியையும் மைக்ல கூப்பிடச் சொன்னாரு. சீக்கிரம் முடிச்சுடலாம்னு ஒரு நெனைப்பு.

மோகனகுமார் சிரிச்சுக்கிட்டே வந்தான். விஷயத்தைக் கேட்டுட்டும் சிரிச்சான்.

“விடுங்க சார். நீங்க என்ன பண்ணுவீங்க? மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க. மச்சான் பைக் டாக்ஸிதான் ஓட்டுறான், நானும் அதுல சேந்துக்குவேன். நல்ல காசு வரும்பாங்க.”

இவருக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கேட்ல ஷேர் ஆட்டோ வரல. சாயங்கால வெயில் மூஞ்சிக்கு நேரா நின்னு வேடிக்கை பாத்துச்சு. மோகனகுமார் பைக்கு, ஹெல்மெட்டு, மழை வந்தா கோட்டுன்னு பேசிக்கிட்டே இருந்தான். திடீர்னு நிறுத்தினான்.

“சார், நெஜமா சொல்லுங்க. நான் மெதுவாவா வேலை செய்யிறேன்?”

தெய்வசிகாமணி ஆட்டோ வருதான்னு ரோட்டைப் பாத்தாரு.

“கொஞ்சம்.”

“ஓ.”

அதுக்கப்புறம் அவன் சிரிக்கல. ஆட்டோ வந்துச்சு. ஏறி, வேற பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டான்.

தெய்வசிகாமணி குடோனுக்குள்ள திரும்பி நடந்தாரு. காலையில ஓடி ஓடி நடந்த அதே வழி. இப்ப ரேக்கெல்லாம் ஒண்ணை விட்டு ஒண்ணு தள்ளித் தள்ளி நிக்கிற மாதிரி இருந்துச்சு. வழியில யாரும் அவரு மூஞ்சியைப் பாக்கல. அவரு பக்கம் வந்த ரெண்டு பேரு சட்டுனு குனிஞ்சு, இல்லாத ஷூ லேஸைக் கட்டினாங்க. போட்டிருந்தது செருப்பு.

கேபின் வாசல்ல சுகந்தி நின்னுக்கிட்டிருந்தா. சேந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. இடுப்புல ஸ்கேனர் தொங்குது. தோழி சொன்னதுல ஒரு பொய்யும் இல்ல. அவ நெஜமாவே மெதுவாத்தான் வேலை செய்வா. ஒவ்வொரு பொட்டியையும் ஏதோ குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்குவா.

உள்ள வந்தவ பிளாஸ்க்கைப் பாத்தா. உக்காரல.

“சார், எனக்கு டீ வேணாம் சார்.”

“உக்காரும்மா.”

“இல்ல சார், டாக்டரு டீயே குடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு சார். வேற யாருக்காவது குடுங்க சார். ஆனா வேற யாருக்கும் குடுக்காதீங்க சார்.”

சொல்லிட்டு, தான் சொன்னது தனக்கே புரியாம முழிச்சா.

தெய்வசிகாமணி டம்ளரை எடுத்தாரு. பிளாஸ்க் பக்கம் கையைக் கொண்டு போனாரு. கை போகல. சொல்ல வேண்டிய வார்த்தை எல்லாம் மூணு தடவை சொன்னதுதான். நாலாவது தடவைக்கு ஒண்ணுகூட வாய்க்கு வரல. அவ மூஞ்சியவே ரொம்ப நேரம் பாத்தாரு.

“சும்மா கூப்பிட்டேம்மா. டீ தீர்ந்து போச்சு. போ, போய் வேலையைப் பாரு.”

சுகந்தி நின்ன இடத்துல காத்துதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு அவ்வளவு வேகமா ஓடி அன்னைக்குத்தான் குடோன் பாத்துச்சு.

தெய்வசிகாமணி சேர்ல விழுந்தாரு. சேர் ஒரு பக்கமா ஆடுச்சு.

“முடியல மேடம்.”

“ம்.”

“மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“சரிண்ணே.”

“நாளைக்கும் மூணு பேருதான் முடியும்.”

“அவ்வளவுதான் முடியும்.”

“ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க, ஏன் இவ்வளவு லேட்டுன்னு.”

“கேப்பாங்க. திட்டுவாங்க. பழகிடும்.”

“தோழி இந்நேரம் எல்லாரையும் முடிச்சிருக்கும்.”

“ஆமா. முடிச்சிருக்கும்.”

அவரு கண்ணைத் தேச்சுக்கிட்டாரு. கடிகாரத்துல ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்துச்சு.

“காலையில ஒண்ணு கேட்டேன். பதில் சொல்றேன்னீங்க.”

மேடம் கண்ணைத் திறந்தாங்க.

“எனக்கு ஒரு டீ ஊத்துங்கண்ணே.”

அவரு ஒரு கையால பிளாஸ்க்கைத் தூக்கப் பாத்தாரு. வரல. இன்னொரு கையை அடியில குடுத்துத் தூக்கினாரு. தூக்கினவரு அப்படியே நின்னாரு. ஊத்தவும் இல்ல, கீழ வைக்கவும் இல்ல. வாசல் பக்கம் பாத்தாரு, சுகந்தி நின்ன இடத்தை. அப்புறம் மெதுவா மேடத்தைப் பாத்தாரு.

“மேடம்... நான் சேந்த புதுசுல... என்னைக் கூப்பிட்டீங்களே...”

“நீங்க நாலாவது ஆளுண்ணே.”

“டீ தீர்ந்து போச்சுன்னு சொன்னீங்க.”

“அன்னைக்கும் பிளாஸ்க்கு இதே கனம்தாண்ணே இருந்துச்சு.”

மேசை மேல டேப்லெட்டு வெளிச்சம் போட்டுச்சு.

“தெய்வசிகா மேடம், ஆரம்பிக்கலாமா?”

இனிமையாத்தான் கேட்டுச்சு. காலையில கேட்ட அதே குரல், கொஞ்சம்கூட களைப்பு இல்ல. இன்னொரு தடவையும் கேட்டுச்சு.

தெய்வசிகாமணி பிளாஸ்க்கை நெஞ்சோட புடிச்சுக்கிட்டு நின்னாரு. டேப்லெட்டு பக்கம் கை போகல.