மரைக்காயர் கடைத் தூண்

குறுந்துறைக்குக் கப்பல் வந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கப்பல்காரர்கள் கட்டிவிட்டுப் போன துறைவீதி மட்டும் உப்புக்காற்றைத் தின்றுகொண்டு அங்கேயே நின்றது. பழைய சுங்க மாளிகை ஒன்று, உப்புக் கிடங்கு இரண்டு, கடைகள் பதினொன்று. ஊரின் நடுப்பகுதி என்பது அவ்வளவுதான். அதற்கு மேல் நடந்தால் கால் நனையும்.

அந்த வீதியைக் காப்பாற்றியவர் தியாகேசன். இதை ஊர் ஒப்புக்கொள்கிறது. ஊருக்கு முன்பே அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பதினொரு வயதில் ஊரை விட்டுப் போனவர். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளராக எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு அறுபதில் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் துறைவீதியில் பாதிச் சுவர்கள் விழட்டுமா வேண்டாமா என்று நின்றன. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி உதவி வாங்கினார். கடைக்காரர்களைக் கையைக் காலைப் பிடித்துப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைகளுக்கு அனுப்பினார். பதினான்கு மாதம் வேலை நடந்தது.

சுங்க மாளிகையின் பின்கட்டில் ஒரு பெண்மணி தனியாக இருந்தார். ஊர் அவரை அம்மை என்று அழைத்தது. எங்கிருந்து வந்தார், என்ன படித்தார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மனக்குறை உள்ளவர்கள் வந்து உட்கார்வார்கள். சிலரிடம் பேசுவார், சிலருக்கு ஏதாவது வேலை கொடுத்து அனுப்பிவிடுவார். தியாகேசனைவிட அவருக்குப் பதினைந்து வயது குறைவு. மாளிகையின் கூரை ஓடுகளைப் பார்க்க ஏணியோடு வந்த தியாகேசன், ஒரு நாள் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவருடைய சீடர்.

வீதி திறந்து ஐந்தாம் நாள், மத்தியானம் திரும்பும் நேரத்தில், தியாகேசன் பின்கட்டுக்கு வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் அம்மை. சரிபண்ணணும். வழி கேக்க வந்தேன்" என்றார் தியாகேசன்.

அம்மை முறத்தை நகர்த்தி இடம் விட்டார். தியாகேசன் சொல்லத் தொடங்கினார்.

துறைவீதியில் அபூசாலி மரைக்காயருக்கு ஒரு கடை. கயிறு, தூண்டில்முள், விளக்கு, மண்ணெண்ணெய், படகுக்குப் பூசும் வண்ணம் எல்லாம் அங்கே கிடைக்கும். தியாகேசனும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். சாவியைக் கொடுத்துவிட்டுத் தகரக் கொட்டகைக்குப் போன அன்று மரைக்காயர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கடைக்குள்ளே நடுவில் நிற்கும் தூணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

நண்பன் கேட்டதை தியாகேசன் எப்படி மறப்பார்? அந்தத் தூணை வேலையாட்கள் கையில் அவர் விடவே இல்லை. தூண் முழுக்கக் கரிக்கிறுக்கல். அதை இழைத்து இழைத்துச் சுரண்டினார். சுண்ணாம்பை மாதக்கணக்கில் ஊறவைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து, தன் கையாலேயே பூசினார். மூன்று நாள் உட்கார்ந்து கூழாங்கல்லால் தேய்த்தார். முகம் பார்க்கலாம் போல வந்தது. வீதியிலேயே அழகான தூண் அதுதான். நண்பனுக்கு அதைக் காட்டும் நாளை நினைத்து அவருக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

மரைக்காயர் வந்தார். தூணைப் பார்த்தார். சாவியைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுத் தகரக் கொட்டகைக்கே திரும்பிப் போய்விட்டார்.

அப்புறம் மற்ற கடைக்காரர்கள்தான் விவரம் சொன்னார்கள். அந்தக் கரையில் கடலுக்குப் போகிறவன் போகுமுன் மரைக்காயர் கடைத் தூணில் தன் படகின் பெயரைக் கரியால் எழுதுவான். திரும்பி வந்ததும் ஈரக்கையோடு வந்து, தன் கையாலேயே அதை அழிப்பான். அடுத்தவன் அழிக்கக் கூடாது. கடைக்காரர்கூடத் தொட மாட்டார். மரைக்காயரின் வாப்பா காலத்துக்கும் முந்திய வழக்கம். அப்படி எழுதிவிட்டுப் போனவர்களில் பதினேழு பேர் அழிக்க வரவே இல்லை. அந்தப் பதினேழு பெயரும் தூணில் இருந்தன.

"பதினேழையும் நான் அழிச்சிட்டேன் அம்மை" என்றார் தியாகேசன். நாற்பது வருஷம் பழைய சுவர்களோடு பேசியவனுக்கு இந்தத் தூண் சொன்னது மட்டும் காதில் விழவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மை கீரைக்காம்பை உருவிப் போட்டார். "என்ன செய்யலாம்னு நெனைக்கிறீங்க?"

தியாகேசன் அதையும் யோசித்து வைத்திருந்தார். ஆள் எப்போதும் வரைபடத்தோடுதான் வருவார். கருங்கல்லில் பதினேழு பெயரையும் வெட்டி அந்தத் தூணிலேயே பதித்துவிடுவது. முந்நூறு வருஷத்துக்கு அழியாது. தன் சொந்தச் செலவு. கல்தச்சனிடம்கூடப் பேசியாகிவிட்டது.

"அழியாதா?"

"அழியவே அழியாது அம்மை."

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"யார்கிட்ட?"

"வீட்டுல இருக்கிறவங்ககிட்ட. கேட்டுட்டு வாங்க."

தியாகேசன் முதலில் தகரக் கொட்டகைக்குப் போனார். மரைக்காயர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். நண்பன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் தியாகேசனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மரைக்காயரோ ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்தார். பதினேழு பெயர் வேண்டும் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவர் கை காற்றில் ஏறி இறங்கியது. எந்த உயரத்தில், எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிந்திருந்தது. தியாகேசன் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

பதினேழும் முடிந்தபின் மரைக்காயர் கண்ணைத் திறந்தார்.

"கடைக்கு வந்துருடா அபூ. நீ இல்லாம அந்தக் கடை எதுக்கு?" என்றார் தியாகேசன்.

"அங்க வந்து யாரு முகத்தடா நான் பாக்குறது? எண்ணெய் வாங்க வர்ற பொம்பளைங்க முதல்ல தூணைத்தான் பாப்பாங்க. அப்புறம் என்னைப் பாப்பாங்க."

டீ ஆறிப்போயிருந்தது. தியாகேசன் அதைக் குடித்துவிட்டு எழுந்தார்.

காகிதத்தில் முதல் பெயர் செல்லியம்மன். அந்தப் படகில் போனவர் அஞ்சப்பன். போய் இருபத்துமூன்று வருஷம். மனைவி பூங்காவனம், வடக்குக் குப்பத்தில் கருவாடு காயவைத்துப் பிழைக்கிறவள். தியாகேசனைவிட நாலைந்து வயது மூத்தவள்.

அவர் போனபோது மணலில் வலையை விரித்து, மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் ரூபாய் அளவுக்குக் குங்குமம். கழுத்தில் மஞ்சள் கயிறு. தியாகேசன் அதைப் பார்த்துவிட்டு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றார். அவள்தான் உட்காரச் சொன்னாள். கவிழ்த்து வைத்த கூடையில் உட்கார்ந்து, தான் யார், என்ன செய்துவிட்டேன் என்பதை ஒளிக்காமல் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டே மீனைத் திருப்பினாள்.

"தெரியும் தம்பி. தெறந்த அன்னிக்கே வந்து பாத்தேன்" என்றாள்.

மாதா மாதம் அமாவாசை கழிந்து மறுநாள் கடைக்குப் போய் அந்தப் பெயரைப் பார்ப்பது அவள் வழக்கமாம். அஞ்சப்பனுக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான். அதையும் அவள்தான் மணலில் எழுதிக் காட்டிப் பழக்கினாளாம். பதினான்கு மாதம் வீதி அடைத்துக் கிடந்ததால் போக முடியவில்லை. திறந்த அன்று கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போனாள்.

தியாகேசன் காகிதத்தை எடுத்தார். கருங்கல், தச்சன், முந்நூறு வருஷம் எல்லாவற்றையும் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் படகின் பெயர்தான் முதலில் வரும் என்றார். உங்கள் சம்மதம் வேண்டும் என்றார்.

பூங்காவனம் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"கல்லுல வெட்டிட்டா, அப்புறம் அவரு வந்து எப்படித் தம்பி அழிப்பாரு?"

தியாகேசன் காகிதத்தை மடித்தார். அதற்குமேல் அது விரிக்கப்படவில்லை.

அவளே மேலும் பேசினாள். கோபமாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரல்.

"உள்ள நுழைஞ்சி பாக்குறேன், தூணு வெள்ளை வெளேர்னு இருக்கு. பேரு இல்ல. அழிச்சிருக்கு. எனக்கு ஒரு நிமிசம் காலு தரையில இல்ல தம்பி. வந்துட்டாருன்னு நெனச்சிட்டேன்."

தியாகேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம் தெரிஞ்சிது. சுண்ணாம்பு எனக்குத் தெரியாதா? ஆனா ஊட்டுக்கு வந்து உலை வைக்கிறப்ப கை கேக்கல. அவருக்குன்னு ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டுட்டேன். மறுநாளும் போட்டேன். இருவது வருசம் முன்னாடி பாடுபட்டு விட்ட பழக்கம்."

"இப்பவும்...?"

"நேத்திக்கும் போட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் மீனை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டுக்குப் போக தியாகேசனுக்குத் தெம்பில்லை. பதினாறு வீடு மிச்சம் இருந்தது. அலைவாய்க் கரையோரமாக நடந்து துறைவீதிக்கு வந்தார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. வெள்ளையடித்த கடைகளுக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அவரை அடையாளம் கண்டு கைகொடுக்க வந்தார். கண்டுகொள்ளாமல் சுங்க மாளிகைக்குள் நுழைந்தார்.

அம்மை அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

தியாகேசன் நடந்ததைச் சொன்னார். அபூசாலியின் கை ஏறி இறங்கியதைச் சொன்னார். பூங்காவனம் கேட்ட கேள்வியைச் சொன்னார். ஆழாக்கு அரிசிக்கு வந்தபோது சொல்ல முடியாமல் நிறுத்தி, மறுபடி தொடங்கினார். கல் வேண்டாம் என்று தச்சனிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். பூச்சைப் பெயர்த்து எடுத்தால் அடியில் ஏதாவது எழுத்து மிஞ்சியிருக்குமா என்று அவரே கேட்டு, மிஞ்சாது, நான் நன்றாகச் சுரண்டியிருக்கிறேன் என்று அவரே பதிலும் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வேலைத்திறமையை நினைத்து அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

அம்மை தடுக்கவில்லை. ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினார். புகை கலைந்தபின் கேட்டார்.

"அந்தச் சோறு என்ன ஆகுது?"

"எந்தச் சோறு?"

"கூடப் போடுறாளே, அது."

தியாகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது அதையும் கேட்டிருந்தார். கேட்டோமே என்று வருத்தமும் பட்டிருந்தார்.

"தட்டுல போட்டு மூடி வைக்கிறாளாம் அம்மை. காலையில தண்ணி ஊத்தி அவளே சாப்பிடுறாளாம்."

"காக்காய்க்கு வைக்கலாமே?"

"காக்காய்க்கு வைக்க மாட்டாளாம். உயிரோட இருக்கிறவருக்கு எதுக்குக் காக்காய்னு கேட்டா."

அம்மை பானையை அடுப்பில் ஏற்றினார். கடல் பக்கமிருந்து குப்பத்துப் பெண்கள் தண்ணீர்க்குடத்தோடு பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஊரெங்கும் உலை வைக்கிற நேரம்.

"நான் என்ன செய்யணும் அம்மை?" என்றார் தியாகேசன்.

"அங்க போங்க. போய்ச் சாப்பிடுங்க."

தியாகேசனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அது அவருக்கு வச்ச சோறு. அதுல நான் எப்படிக் கை வைக்கிறது? அவ பார்த்துக்கிட்டு இருப்பா. என்னால முடியாது அம்மை. வேற ஏதாவது சொல்லுங்க. எவ்வளவு கஷ்டமா இருந்தாலும் செய்றேன்."

அம்மை அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"பேரை அழிச்சு, அவரு வந்துட்டாருன்னு அவளுக்குச் சொன்னது நீங்கதானே. போய் அந்தத் தட்டுக்கு முன்னால உட்காருங்க."